முகம் மட்டும்

சிவப்பிரகாஷ் ஸ்டுடியோவில் படம் எடுப்பது மட்டும்தான் சிவப்பிரகாஷ். ஆளை உட்கார வைத்து, தலையைச் சீவச் சொல்லி, நாடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கியதோடு அவன் பாடு முடிந்தது. அதற்கு மேல் உள்ளதெல்லாம் அவன் பெண்டாட்டி முருகேஸ்வரியின் தலையில். முகத்துப் பருவை அழிப்பது, வழுக்கையில் நாலு முடி நடுவது, கல்யாணப் படத்தில் சரியாகத் தாலி கட்டுகிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்ட சம்பந்தக்காரம்மாவுக்கு வேறொரு படத்திலிருந்து கண்ணை எடுத்துத் திறந்து வைப்பது, எல்லாம் அவள் கைவேலை. சாமி படைச்சதை இவ திருத்துதா என்று அவள் அண்ணன் வீரபாகு கேலி செய்வான்.

பாளையங்கோட்டை ரோட்டிலிருந்து பிரியும் சின்னத் தெருவில் கடை. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் நிலக்கரித் தூள் வந்து இறங்கும். காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். முருகேஸ்வரி கம்ப்யூட்டருக்கு ஒரு பழைய பாவாடையை வெட்டி உறை தைத்துப் போட்டிருந்தாள். அந்த வருஷம் ஆவணி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. காற்று மட்டும் ராத்திரி பகல் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. பல்லில் கூட மண் நறநறத்தது.

சிவப்பிரகாஷுக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. விடியுமுன்னே காமிராவைத் தூக்கிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவான். உப்பளத்தில் வாரிக் குவிக்கும் பெண்கள், சங்கு குளித்துவிட்டு உதடு வெளுத்துக் கரையேறும் ஆட்கள், துறைமுகத்துக்குள் வர இடம் கிடைக்காமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும் கப்பல்கள் என்று எடுத்துக்கொண்டு வருவான். எடுத்ததை ஒருத்தருக்கும் காட்டமாட்டான். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ஒருமுறை பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு நீலத்துணி கட்டப் போய்விடுவான். நல்ல கை உள்ள மனுஷன் இப்படி வீணாய்ப் போகிறானே என்று முருகேஸ்வரிக்குத்தான் ஆற்றாமை.

வெப்சைட் போடலாம் என்று முதலில் சொன்னதும் அவள்தான். அடுப்பில் குழம்பு கொதிக்க, செல்போனை உப்புச்சாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ ஒரு பையன் செய்துகாட்டிய வீடியோக்களாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். காசில்லாமல் கிடைப்பதில் நம் பேருக்குப் பின்னால் அடுத்தவன் கம்பெனிப் பேர் வால் மாதிரி தொங்கும். அது வேண்டாம் என்று சொந்தப் பேரிலேயே வாங்கினாள். வாங்கப் போன இடத்தில் இது வேண்டுமா, அது வேண்டுமா என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டது. சேலை எடுக்கப் போனால் ஜாக்கெட் துணியையும் சேர்த்துத் தலையில் கட்டுகிற கடைக்காரர்களைப் பார்த்தவள் அவள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றே அமுக்கி, ஒரு கல்யாண ஆல்பத்துக்கு அட்டை போடுகிற செலவுக்குள் காரியத்தை முடித்துவிட்டாள். வெள்ளைத் தாளில் கட்டம் கட்டமாகப் படங்கள் நிற்கும். தொட்டால் பெரிதாகும். அவ்வளவுதான், போதும்.

சிவப்பிரகாஷ் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தான். படங்களைச் சின்னதாக்கிப் போடு, இல்லாவிட்டால் கண்டவன் எடுத்துக்கொள்வான் என்று வீடியோ பையன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். இவன் கேட்கவில்லை. உப்புக் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், என் படத்தை நான் சுருக்க மாட்டேன் என்றுவிட்டான். எடுத்தது எடுத்தபடி, முழு அளவில் ஏறியது.

பேர் போட்டது முருகேஸ்வரியின் யோசனை. இந்தப் பக்கத்தில் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தாலும் சரி, கோயில் கொடை விழாவுக்குத் தட்டி வைத்தாலும் சரி, பேர் விட்டுப்போனால் பகை. பெரியப்பா மகன் பேர் இல்லாத ஒரு பத்திரிகையால் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை அவளுக்குத் தெரியும். படத்தில் ஒரு ஆள் நிற்கிறான், அடியில் பேர் இல்லை என்றால் அது அவனுக்குச் செய்கிற அவமரியாதை என்றுதான் அவளுக்குப் பட்டது. உப்பளத்துப் பெண்களின் பேரைக் கேட்டு வரச் சொல்லிப் புருஷனைத் திரும்ப உப்பளத்துக்கே விரட்டினாள். சங்கு குளிக்கிறவர்கள் பேர், வலை பின்னுகிறவர் பேர், எல்லாம் கேட்டு வாங்கி அழகாக அடியில் போட்டாள்.

ஒரு படத்துக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பூநாரை எடுக்கப் போன ஒரு விடியற்காலையில், துறைமுகச் சாலைக்கு உள்ளே தள்ளி, உடைமரக் காட்டோரம் ஒரு டிரெய்லர் நிற்பதைத் தூரத்திலிருந்து சிவப்பிரகாஷ் எடுத்திருந்தான். மேலே சிவப்புக் கண்டெய்னர். கீழே உப்புத் தண்ணீரில் அது தலைகீழாகக் கிடந்தது. முன்சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, தலையில் துண்டைக் கட்டிய ஒரு ஆள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்போதுதான் வெயில் விழுந்திருந்தது. பின்பக்கம் கண்டெய்னர் கதவடியில் இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் டீ குடிக்கிறவன் தன் மச்சான் வீரபாகு என்றே சிவப்பிரகாஷுக்குத் தெரிந்தது. முருகேஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் இல்லையா. அந்தப் படத்தையே முகப்பில் வைத்தாள். 'வீரபாகு, டிரெய்லர் ஓட்டுநர், துறைமுகச் சாலை' என்று மற்றவர்கள் பேரைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் போட்டாள்.

வாட்ஸாப்பில் அனுப்பியதுதான் தாமதம், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டிரைவர்மார் குழு ஒன்றில் நம்ம வீரபாகு நெட்டுல வந்துட்டான் என்று போய், லாரி ஆபீஸ்களில் சுற்றி, எங்கெங்கோ போனது. நாலாவது நாளே வெப்சைட் வழியாக ஒரு கடிதம் வந்தது. சென்னையிலிருந்து ஒருவர். டிரெய்லர் படம் மிகவும் அருமை என்றும், எந்த இடத்தில் என்றைக்கு எடுத்தது என்றும், அசல் கோப்பை அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். சிவப்பிரகாஷ் அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டான். எங்கேயாவது கண்காட்சி வைக்கிற ஆளாக இருக்கும் என்றான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு ஆசையாக இருந்தது. இடம், நாள் எல்லாம் தெளிவாக எழுதி, அசலையும் சேர்த்து அவளே அனுப்பி வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீரபாகு வந்தான். வழக்கமாகத் தெருமுனையிலேயே மருமகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறவன் அன்றைக்குச் சத்தம் காட்டாமல் வந்து நின்றான். சிவப்பிரகாஷ் ஒரு வளைகாப்புக்குப் படமெடுக்கப் போயிருந்தான். முருகேஸ்வரி அண்ணனை உட்கார வைத்துச் சோறு போட்டாள். சாளை மீன் மலிவாகக் கிடைத்திருந்தது. பாதியைக் குழம்பு வைத்து, பாதியை மிளகு அரைத்துத் தடவிப் பொரித்திருந்தாள். வீரபாகு பொரித்த சாளையை எண்ணாமல் தின்கிற ஆள். அன்றைக்கு ஒன்றைப் பிட்டு முள்ளை எடுத்தான், எடுத்ததை வாயில் வைக்கவில்லை. சோற்றையும் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏளா, அந்தப் படத்தை எடுத்துரு" என்றான்.

"எந்தப் படத்தண்ணே?"

"எம் படத்தத்தான். நெட்டுல போட்டிருக்கிய பாரு, அது."

கண்ணுபட்டுவிடும் என்று பயப்படுகிறானோ என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கையைக் கழுவாமல் எழுந்து வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நான், அவுக நிப்பாட்டச் சொன்ன எடத்துல வண்டிய நிப்பாட்டுதவன். டீ குடின்னா குடிக்கேன். பொறத்தால என்ன நடக்குன்னு திரும்பிப் பாக்கதில்ல. இத்தன வருசமா பாக்கல. இப்ப ஒம் புருசன் காமிரா பாத்துட்டு."

"என்னண்ணே நடக்கு?"

"கேக்காத. கேட்டா ஒனக்கும் தெரிஞ்சதா ஆயிரும்."

அவன் போன பிறகு தட்டை எடுத்தாள். பிசைந்த சோறு அப்படியே காய்ந்துபோயிருந்தது. உடனே எடுத்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் படத்தை எடுப்பதற்குக் கை வரவில்லை. சாயந்திரம் வந்ததும் சொன்னாள். சிவப்பிரகாஷுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாழ்நாளில் ஒரு படம் ஒழுங்காக அமைந்தால் உங்கள் வீட்டு ஆட்களுக்குப் பொறுக்காதே என்றான். மச்சானுக்கு வெட்கம், வேறொன்றுமில்லை என்றான். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, சென்னைக்காரரிடமிருந்து ஒரு பதில் வரட்டும், இரண்டு நாள் பொறு என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டான். அவன் அப்படி எதையும் அவளிடம் கேட்டதில்லை. அவளும் சரி என்றாள்.

பதில் வரவில்லை. டெரன்ஸ் வந்தான்.

டெரன்ஸ் துறைமுகத்துச் சரக்கில் சேதாரம் பார்க்கிற ஒரு சர்வேயரிடம் வேலை செய்கிற பையன். உடைந்த பெட்டி, நனைந்த மூட்டை என்று படங்களைக் கொண்டுவந்து பிரிண்ட் போட்டு வாங்கிப் போவான். கடைக்கு வந்தால் முருகேஸ்வரியிடம் வாயாடாமல் போகமாட்டான். பனிமய மாதா கோயில் பக்கத்து வீடு. அம்மா செய்யும் பலகாரம் ஏதாவது டப்பாவில் வரும். அன்றைக்கு வெறுங்கையோடு வந்தான். உள்ளே வந்ததும் கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.

"அக்கா, அந்த டிரெய்லர் படத்தக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க. முகம் வேண்டாம். கதவுப் பக்கம் போங்க."

அவள் பெரிதாக்கினாள். உப்புக் கல் ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்று போட்ட படம். கதவில் உடையாமல் தொங்கிய சீல் தெரிந்தது, அதிலிருந்த எண் தெரிந்தது, கண்டெய்னர் நெற்றியில் எழுதிய எண்ணும் தெரிந்தது. குந்தியிருந்த ஒருவன் கையில் ஸ்பானர். கதவின் கம்பியைப் பிடித்துக்கொள்கிற போல்ட்டுகள் தரையில் ஒரு துணியின் மேல் வரிசையாகக் கிடந்தன.

டெரன்ஸ் மெதுவாகச் சொன்னான். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக் கொட்டை கப்பலில் வருகிறது. இங்கே இறங்கி, டிரெய்லரில் கொல்லத்துக்குப் போகிறது. போய்ச் சேரும்போது மூட்டை குறைகிறது. சீல் உடையவில்லை, அதனால் ஏற்றின ஊரிலேயே குறைவாகத்தான் ஏற்றியிருக்கிறார்கள் என்று லாரிக்காரர்கள் கையை விரிக்கிறார்கள், பணம் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. வருஷக்கணக்காக நடக்கிறது. எங்கே குறைகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சீலைத் தொடாமல் போல்ட்டைக் கழற்றினால் கதவு திறந்துகொள்ளும் என்பதற்கு இதுவரைக்கும் ஒரு சாட்சி இல்லை.

"இப்ப இருக்கு" என்றான். "உங்களுக்குச் சென்னையில இருந்து ஒருத்தர் எழுதினாரில்லியா, அவர் இன்சூரன்ஸ் ஆளு, அக்கா. அசலும் அவர் கைக்குப் போயிட்டு. எங்க ஆபீஸ்லயே அதப் பத்தித்தான் பேச்சு. விஷயம் செந்தூர்பாண்டி அண்ணாச்சி காதுக்கும் போயிருக்கும்."

செந்தூர்பாண்டியைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. லாரிகள், ஒரு எடைமேடை, கோயில் கொடைக் கமிட்டியில் முதல் பேர். வீரபாகு ஓட்டுகிற வண்டியும் அவருடையதுதான். எடுத்தெறிந்து பேசமாட்டார், சத்தம் போடமாட்டார் என்று ஊரே மெச்சும். அவரிடம் வேலை பார்த்து ஏதோ கணக்கில் பிசகிப்போன ஒருவன் எங்கே போனான் என்று மட்டும் ஒருத்தரும் பேசமாட்டார்கள்.

உங்க அண்ணனைக் கொஞ்ச நாளைக்கு வெளியூரில் எங்கேயாவது இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் வந்ததாக யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்துப் போனான் டெரன்ஸ். முருகேஸ்வரி முதலில் படத்தை வெப்சைட்டிலிருந்து எடுத்தாள். முகப்பில் அது இருந்த இடம் வெள்ளையாக நின்றது. ஆனால் செல்போனைத் திறந்தால் டிரைவர்மார் குழுவில் அது அப்படியே இருந்தது, அடியில் அவள் போட்ட பேரோடு. சும்மா 'டிரைவர்' என்று போட்டிருக்கலாம். ஒன்றுமே போடாமல் இருந்திருக்கலாம்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவே எடுத்தான். கொல்லத்துக்கு லோடு ஏற்றியாகிவிட்டது, திருநெல்வேலி தாண்டிவிட்டேன் என்றான். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறி எங்கேயாவது போய்விடு என்று அழுதாள் அவள்.

"வண்டிய நடுரோட்டுல போட்டுட்டு ஓடினா, நான்தான் காட்டிக்குடுத்தேன்னு ஆயிரும்ளா. அங்கன ஒம் மதினி முத்துக்கனியும் பிள்ளைகளும் இருக்கு. அண்ணாச்சியே போன் போட்டாரு. பயப்படாத வீரபாகு, லோட எறக்கிட்டு வா, பேசிக்கிடுவோம்னாரு. நல்லாத்தான் பேசினாரு. செங்கோட்டையில டீ குடிக்கும்போது கூப்பிடுதேன்."

கூப்பிடவில்லை. ராத்திரி முழுக்கப் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். விடிந்து இவள் கூப்பிட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. அதற்குள் எல்லாம் தெரிந்துகொண்ட சிவப்பிரகாஷ் அன்று காமிராவைத் தொடவில்லை. கடையைத் திறந்து, ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். காற்று அன்றைக்குத் தென்கிழக்கில் திரும்பியிருந்தது. தெருவில் காயப்போட்ட வேட்டி சேலையெல்லாம் கரிப்பொட்டு விழுந்து, பெண்கள் வைதுகொண்டே கொடியிலிருந்து உருவினார்கள்.

பத்து மணி வாக்கில் செந்தூர்பாண்டி வந்தார். தனியாகத்தான் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வேண்டாம் அண்ணாச்சி, போட்டுக்கிட்டே வாங்க என்று சிவப்பிரகாஷ் பதறியும் கேட்கவில்லை. வெளுத்த வேட்டி, நெற்றியில் சந்தனம். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி அண்ணாந்து குடித்தார். வெப்சைட் போட்ட பிறகு முருகேஸ்வரி சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். உப்பளத்துப் பெண் படத்துக்கு முன்னால் மட்டும் அதிக நேரம் நின்று, கை சுத்தம் என்று சிவப்பிரகாஷைப் பார்த்து மெச்சினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு முருகேஸ்வரிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு படத்தப் பெருசு பண்ணணும் தங்கச்சி. சுவத்துல மாட்டுத அளவுக்கு, சட்டம் போட்டு."

செல்போனை எடுத்து மேசையில் வைத்து அவள் பக்கம் திருப்பினார். அதே படம்.

"இதுல டீ குடிக்கானே, இந்த மொகம் மட்டும். வேற ஒண்ணும் வேண்டாம். தலத்துண்டை எடுத்துட்டு, வெள்ளச் சட்டை போட்டுருங்க. பொறத்தால நீலம்."

ஸ்டுடியோக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறவன் படம் எடுத்துக்கொள்ள நேரில் வருவான். பலபேர் நிற்கிற படத்தைக் கொண்டுவந்து, இந்த முகத்தை மட்டும் தனியாக எடு, வெள்ளைச் சட்டை போடு என்று கேட்டால், அந்த வீட்டில் சாவு. என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். அடியில் எழுதத் தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி, இரண்டை மட்டும் கேட்டுக்கொள்வார்கள். முருகேஸ்வரி அப்படி எத்தனையோ முகங்களைப் பிரித்து எடுத்திருக்கிறாள்.

"அடியில பேரு போட்டுருங்க" என்றார் அவர். "பேரு போடுததுக்கு உங்களுக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா. தோற்றம் உங்களுக்கே தெரியும், கூடப் பொறந்தவுக. மறைவுக்கு நேரா எடம் விட்டு வைங்க."

சிவப்பிரகாஷ் ஸ்டூலிலிருந்து எழுந்தான். எழுந்தவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே நின்றான்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் ஒண்ணும் சொல்லல. சத்தியமா. அவனுக்குப் படம் எடுத்ததே தெரியாது. எல்லாம் நாங்க அறியாமச் செஞ்சது" என்றாள் முருகேஸ்வரி.

"எனக்குத் தெரியாதா. வீரபாகு தங்கமான பய." செல்போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அசலு சென்னைக்குப் போயிட்டுங்காவ. போனது போகட்டும். இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல இல்லாத ஆள நிப்பாட்டுதான், இருக்குத ஆள அழிக்கான். நீங்களே செய்தியள்லா. அந்தப் படமும் அப்படி ஜோடிச்சதுதான்னு நீங்களே உங்க வெப்சைட்ல சொல்லிப்புட்டா, அதக் கொண்டுபோய் எவன் என்ன செய்ய முடியும்? அந்தப் படம் நெசமில்லன்னா, இந்தப் படத்துக்கும் வேலை இல்ல."

தன் நம்பர் உள்ள கார்டை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் கத்தரிக்கோலை எடுத்து வைத்தார். சாயந்திரத்துக்குள்ள போட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, குடை பிடிக்காமல் வெயிலில் நடந்து போனார்.

ஒரு கிழவர் பென்ஷன் மனுவுக்குப் படம் எடுக்க வந்தார். கரண்ட் இல்லை என்று சிவப்பிரகாஷ் அனுப்பிவிட்டான், மின்விசிறி தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தபோதே. போலீசுக்குப் போகலாமா என்று ஒருதரம் கேட்டான். அண்ணன் இப்போது யார் கையில் இருக்கிறான் என்று தெரியாமல் எங்கே போக என்றாள் அவள்.

"எனக்கு எங்க அண்ணன் வேணும்ங்க" என்றாள்.

அவன் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை விடியற்காலை, எத்தனை வருஷம். ஒரு முகத்தில்கூட அவன் ஒரு பொட்டைத் திருத்தியதில்லை. ஸ்டுடியோப் படத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், இதில் மட்டும் கைவைக்கக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தான். அவனுக்கென்று இருந்த ஒரே சொத்து அது. கடைசியில் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எழுது" என்றான். "ஒரு படம்னு போடாத. ஒண்ண மட்டும் சொன்னா எவன் நம்புவான். எல்லாப் படமும்னு போடு."

"எல்லாமுமா?"

"எல்லாமும். எம் பேரையும் போடு."

அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். இந்தப் பக்கத்திலுள்ள படங்கள் எவையும் உண்மையாக எடுக்கப்பட்டவை அல்ல. ஆட்கள், வாகனங்கள், இடங்கள் யாவும் கணினியில் ஜோடித்துச் சேர்க்கப்பட்டவை. இப்படிக்கு சிவப்பிரகாஷ். முகப்பில் வெள்ளையாக நின்ற இடத்தில் அந்த நாலு வரி போய் உட்கார்ந்தது. சிவப்பிரகாஷ் அதை ஒருதரம் படித்தான். எழுந்து, சட்டைப்பையில் பைக் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தவன், அதை எடுக்காமல் நடந்தே வெளியே போனான். அவன் முதுகைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. கூப்பிட்டுத் தடுக்கவும் தெரியவில்லை.

வீரபாகுவின் பெண்டாட்டி முத்துக்கனி மூன்று மணிக்கு வந்தாள். கடைசிப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெயிலில் நடந்தே வந்திருந்தாள். தலைமயிரெல்லாம் கரித்தூள். கொல்லத்திலிருந்து காலையிலேயே திரும்பியிருக்க வேண்டியவுக இன்னும் வரவில்லை, லாரி ஆபீஸில் கேட்டால் வந்துருவான் போங்க என்கிறார்கள் என்று சொல்லி, படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முருகேஸ்வரி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மதினியிடம் எதையும் மறைக்க மனம் வரவில்லை. வெள்ளைச் சட்டை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னாள். முத்துக்கனி எழுந்து வந்து கம்ப்யூட்டரில் இருந்த நாலு வரியை உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அண்ணாச்சி கேட்டபடியே எழுதியாச்சுல்லா?"

"எழுதியாச்சு மதினி."

"அப்ப போன் போட்டுச் சொல்லிரு."

கார்டில் இருந்த நம்பரை முருகேஸ்வரி அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பக்கத்தில் எங்கேயோ கோயில் மணிச் சத்தம் கேட்டது.

"பாத்தேன் தங்கச்சி" என்றார். "எல்லாப் படத்தையும் சேத்துச் சொல்லிட்டிய. நான் அவ்வளவு கேக்கல. மாப்பிள பெரிய மனசுக்காரருதான்."

"அண்ணாச்சி, எங்க அண்ணன்..."

"அதுக்குத்தான் நானே கூப்பிட இருந்தேன். இப்பதான் தகவல் வந்துச்சு. ஆரியங்காவு எறக்கத்துல வண்டி கவுந்துட்டாம். நேத்து ராத்திரியே நடந்திருக்கு, விடிஞ்சுதான் பாத்திருக்காவ. முத்துக்கனிக்கு ஆள அனுப்பியிருக்கேன். ஆக வேண்டியத நாங்க பாத்துக்கிடுதோம், ஒரு கொறையும் வைக்க மாட்டோம். காலையில சொன்ன படம் நாளைக்கு வேணும். எடம் விடச் சொன்னேம்லா, அதுல நேத்துத் தேதியப் போட்டுருங்க."

வைத்துவிட்டார்.

முத்துக்கனி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு, முருகேஸ்வரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னளா சொல்லுதாவ? இனி அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

முருகேஸ்வரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அது காதில் இருக்கிற வரைக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை என்று மதினி நினைத்துக்கொள்வாள். ம் என்றாள். சரி அண்ணாச்சி என்றாள். யாரும் இல்லாத போனில் மறுபடியும் ம் என்றாள்.